எலிக்கும் பிறவித் தகுதியா?

சென்ற மாதம் ஒரு காரியமாகத் தென்னேரிக்குப் போக நேர்ந்தது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலே, ஒரு பெரிய ஏரியை நம்பிப் பயிர் செய்யும் ஊர் அது. அங்கு ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, பட்டணத்தில் பெரிய படிப்புப் படிக்கிற உள்ளூர் வாலிபர் ஒருவர் வந்து பேச்சுக் கொடுத்தார். எம்.எஸ்ஸி. தேறி, இப்போது மேல் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்கிறாராம். எதைப் பற்றி ஆராய்ச்சி என்று கேட்டோம். எலியைப் பற்றி என்றார். வெள்ளை எலிகளைக் கூண்டில் வளர்த்து, சிக்கலான வழிகளுள்ள பெட்டிக்குள் விட்டு, அவை எப்படி வழி கண்டுபிடிக்கின்றன, எதை ஞாபகம் வைத்துக் கொள்ளுகின்றன, எதற்குப் பயப்படுகின்றன என்று கணக்கெடுப்பதாம். அது மாத்திரமல்ல, தனக்குக் கீழ் வகுப்பில் படிக்கிறவர்களுக்கு அந்தச் சோதனைகளைச் செய்யும் முறையைக் கற்றுக் கொடுப்பதும் அவருடைய வேலையாம். கேட்க நமக்கு மெத்த சந்தோஷமாயிருந்தது.

அந்தச் சமயத்தில் இருளர் ஒருவர் தோளில் கடப்பாரையும் கையில் மண்சட்டியுமாக, பத்து வயதுப் பையன் ஒருவனை அழைத்துக் கொண்டு வரப்பின்மேல் போனார்.

"அந்தப் பையன் பள்ளிக்கூடம் போகிறானா, தம்பி?" என்று கேட்டோம்.

"போகிறான், ஐயா. போய் என்ன பிரயோஜனம்? எலி பிடிக்கிற ரத்தம். படிப்பு ஏறாது. வாத்தியாரே சொல்லிக் கடைசி பெஞ்சியில் உட்கார வைத்துவிட்டார்."

"இது எந்த ஆராய்ச்சியில் கண்டது?"

"இதற்கு ஆராய்ச்சி எதற்கு, ஐயா? பார்த்தாலே தெரிகிறதே!"

இந்த இரண்டு வார்த்தைகளுக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகின்றோம். ஓர் எலி இடது பக்கம் திரும்பிற்றா, வலது பக்கம் திரும்பிற்றா என்று தீர்மானிக்க நூறு தடவை சோதனை செய்து, கணக்குப் போட்டு, அந்தக் கணக்கையும் இன்னொருவரைக் கொண்டு சரிபார்க்கிற வாலிபர், ஒரு மனிதக் குழந்தையின் வாழ்நாளையே தீர்மானிக்கிற விஷயத்தில் "பார்த்தாலே தெரிகிறது" என்று சொல்லுவாரானால், அவர் படித்த படிப்பு எங்கே போயிற்று? கூண்டுக்குள் இருக்கும்வரையில் விஞ்ஞானம், கூண்டைப் பூட்டிவிட்டு வெளியில் வந்தால் வருணாசிரமம் என்பதற்கா சர்க்கார் பணத்தைச் செலவழித்து ஆராய்ச்சிக் கூடங்கள் கட்டியிருக்கின்றது?

விசாரித்ததில் அந்த வாலிபருடைய பாட்டனார் காஞ்சிபுரத்தில் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டுக் கொண்டு பட்டு நெய்தவர் என்று தெரிந்தது. "நாடா பிடிக்கிற கைக்கு எழுத்தாணி எதற்கு?" என்று அந்தப் பாட்டனாரைப் பார்த்தும் அக்காலத்தில் சொல்லியிருப்பார்கள். அந்தச் சொல்லைத் தாண்டி வந்த குடும்பத்துப் பிள்ளை, தான் ஏறிவந்த ஏணியை அடுத்தவன் காலுக்கு எட்டாமல் இழுத்துப் போடுவதைப் பார்த்தால் கோபத்தைவிட வருத்தமே அதிகமாகின்றது.

நிற்க. எலியைப் பற்றிப் படிப்பது கேவலமான படிப்பு என்று நாம் சொல்லுவதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். எலியைப் பற்றி நம் தேசத்தார் கொண்டிருந்த அறிவு இரண்டு விதந்தான். ஒன்று, பிள்ளையாருக்கு வாகனமென்று கும்பிடுவது. இராஜபுதனத்தில் தேஷ்னோக் என்னும் ஊரில் ஒரு கோவிலையே எலிகளுக்கு விட்டுப் பாலும் பணியாரமும் வைத்து, எலி வாய்வைத்த மிச்சத்தைப் பிரசாதமென்று இன்றும் தின்கிறார்கள். மற்றொன்று, பொறி வைத்துக் கொல்லுவது. கும்பிடவும் கொல்லவும் தெரிந்ததே தவிர, கவனிக்கத் தெரியவில்லை.

கவனித்தவர்கள் என்ன கண்டார்கள் என்று பாருங்கள். 1896-ஆம் வருஷத்தில் பம்பாயில் பிளேக் நோய் புகுந்தது. லட்சக்கணக்கில் ஜனங்கள் மாண்டார்கள். தெய்வக் குற்றமென்றும் அம்மன் கோபமென்றும் சொல்லிப் பொங்கல் வைத்தார்கள். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே கோவில் இன்றும் இருக்கின்றது. ஆனால் 1898-இல் பால் லூயி சிமோந் என்கின்ற பிரெஞ்சு டாக்டர் கராச்சியில் இருந்துகொண்டு என்ன செய்தார்? நோய் கண்ட எலியொன்றைத் தெள்ளுப் பூச்சிகளோடு ஒரு கண்ணாடி ஜாடியில் விட்டார். அதே ஜாடியில், அந்த எலியைத் தொடமுடியாதபடி கம்பி வலைக்குள் சுகமான எலியொன்றை வைத்தார். எலியோடு எலி ஒட்டவில்லை. ஆனால் தெள்ளுப் பூச்சி தாவ வழியிருந்தது. சுகமான எலிக்கும் நோய் வந்தது. தெள்ளுப் பூச்சி இல்லாத நோயாளி எலியோடு சுகமான எலியை வைத்துப் பார்த்தார். நோய் வரவில்லை. அவ்வளவுதான், அம்மன் கோபத்தின் இரகசியம் வெளியாகிவிட்டது. அப்போதும் பெரிய பெரிய டாக்டர்களே அவரை நம்பவில்லை. சில வருஷங்கள் கழித்துப் பம்பாயில் கமிஷன் வைத்துச் சோதித்த பிறகுதான் ஒப்புக் கொண்டார்கள். விஞ்ஞானத்தில் பெரியவர் சொன்னாரென்பதற்கு மதிப்பில்லை, சோதித்துக் காட்டினாரா என்பதற்கே மதிப்பு என்பதற்கு இதுவே அத்தாட்சி.

இன்னும் நம் பக்கத்துச் சங்கதி ஒன்று சொல்லுகின்றோம். நீலகிரிக் குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ராபர்ட் மெக்காரிசன் என்னும் டாக்டர் எலிகளை வைத்து ஆகார ஆராய்ச்சி செய்தார். வெள்ளைக்கார சர்க்காருக்கு அந்தக் காலத்தில் ஒரு சித்தாந்தம் இருந்தது. அதாவது, சீக்கியர், பட்டாணியர், கூர்க்கர் முதலியவர்கள் பிறவியிலேயே போர் வீரர்கள். வங்காளிகளும் மதராசிகளும் பிறவியிலேயே பட்டாளத்துக்கு லாயக்கற்றவர்கள் என்பதாகும். நம் வருணாசிரமத்துக்கு இங்கிலீஷ் சட்டை மாட்டிவிட்டது போல. மெக்காரிசன் ஒரே வமிசத்தில் பிறந்த எலிகளைக் கூட்டங்களாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் ஆகாரம், ஒரு கூட்டத்துக்குப் பட்டாணியர் ஆகாரம், ஒன்றுக்கு மராத்தியர் ஆகாரம், ஒன்றுக்கு வங்காளத்தார் ஆகாரம், ஒன்றுக்கு மதராசிகள் ஆகாரம் என்று போட்டு வளர்த்தார். சீக்கியர் உண்கிற முழுக்கோதுமை ரொட்டி, வெண்ணெய், பால், பருப்பு, பச்சைக் காய்கறி, எப்போதாவது கொஞ்சம் மாமிசம் ஆகியவற்றைத் தின்ற எலி கொழுகொழுவென்று எல்லாவற்றிலும் உயர்ந்து நின்றது. தீட்டின அரிசியையே பெரும்பாலும் நம்பின மதராசி ஆகாரத்தைத் தின்ற எலி எல்லாவற்றிலும் கடைசியாக நின்றது. எலிக்கு ஏதப்பா சீக்கிய ரத்தம்? எலிக்கு ஏதப்பா மதராசி ரத்தம்? எல்லாம் ஒரு தாய் வயிற்று வமிசம். வித்தியாசம் தட்டில் இருந்ததேயொழிய ரத்தத்தில் இருக்கவில்லை.

அதோடு நிற்கவில்லை. ஏழை இங்கிலீஷ்காரர் தின்கிற வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை போட்ட டீ, டின் மாமிசம், ஜாம் முதலியவற்றை வேறொரு கூட்டத்துக்குப் போட்டுப் பார்த்தார். அந்த எலிகள் வளர்ச்சி குன்றியதோடல்லாமல், குணமும் கெட்டன. தங்களுக்குள் ஒற்றுமையின்றி இருந்தன. கவனிக்கிற ஆளையே கடித்தன. அறுபதாம் நாள் ஆவதற்குள் தங்களில் இளைத்தவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின என்று 1936-இல் லண்டனில் செய்த பிரசங்கத்தில் அவரே சொல்லியிருக்கின்றார். "அந்தச் சேரியில் எப்போதும் சண்டை, அது அவர்கள் பிறவிக் குணம்" என்று திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் குன்னூர் எலியின் கதையைக் கொஞ்சம் கேட்டுவிட்டுப் பேசட்டும். குணத்தைக் குற்றம் சொல்லுமுன் சட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

இப்போது நம் வாலிபருடைய விஷயத்துக்கே நேராக வருவோம். எலிகளை வைத்து ஆராய்ச்சி முறை கற்றுக்கொள்ளும் மாணவர்களையே ஆராய்ச்சி செய்த கதை இது. அமெரிக்காவில் வட டகோட்டா சர்வகலாசாலையில் ராபர்ட் ரோஸந்தால் என்ற பேராசிரியரும், கெர்மிட் போட் என்பவரும் சேர்ந்து செய்து 1963-இல் வெளியிட்டார்கள். பன்னிரண்டு மாணவர்கள். ஆளுக்கு ஐந்து எலிகள், மொத்தம் அறுபது. வழி இரண்டாகப் பிரியும் பெட்டியில் எலியை விட வேண்டும். இருண்ட வர்ணம் பூசின பக்கம் போனால் தீனி கிடைக்கும். எலி அதைக் கற்றுக் கொள்ளுகிறதா என்று ஐந்து நாள், நாளைக்குப் பத்துத் தடவை பார்த்துக் குறித்துக் கொள்ள வேண்டும்.

பாதி மாணவர்களிடம், "உங்கள் எலிகள் தலைமுறை தலைமுறையாகப் புத்திசாலி எலிகளாகப் பொறுக்கி எடுத்த வமிசம்" என்று சொல்லப்பட்டது. மறுபாதியினரிடம், "உங்கள் எலிகள் மந்த புத்தியுள்ள வமிசம்" என்று சொல்லப்பட்டது. விடை என்ன தெரியுமா? புத்திசாலி எலிகள் நன்றாகக் கற்றுக் கொண்டன. மந்த எலிகள் பின்தங்கின. மந்த எலிகள் நூற்றுக்கு 29 தடவை நின்ற இடத்தைவிட்டு நகரவே இல்லை. புத்திசாலி எலிகள் நூற்றுக்கு 11 தடவைதான் அப்படி நின்றன.

"பார்த்தீர்களா, வமிசம் பேசுகிறது!" என்று வருணாசிரமிகள் துள்ளிக் குதிக்கலாம். பொறுங்கள். அந்த அறுபது எலிகளும் ஒரே மாதிரியான சாதாரண எலிகள்! எந்த எலி புத்திசாலி, எந்த எலி மந்தம் என்பது சீட்டுக் குலுக்கினாற்போல் வைத்த பெயர். எலிக்கு அந்தப் பெயர் தெரியாது. தெரிந்தது மாணவருக்குத்தான். பின் எலி எப்படி அந்தப் பெயருக்குத் தக்கபடி நடந்தது? மாணவர்கள் தாங்களே எழுதிக் கொடுத்த பதிலில் காரணம் இருக்கிறது. புத்திசாலி எலியென்று நம்பினவர்கள் அதை அடிக்கடி எடுத்தார்கள், மெதுவாகத் தொட்டார்கள், பிரியமாக இருந்தார்கள், "என் எலி அழகானது, சமர்த்து" என்று எழுதினார்கள். மந்தமென்று நம்பினவர்கள் அப்படித் தொடவில்லை. கையில் இருந்த பிரியம் எலியின் காலுக்கு இறங்கியது. கையில் இருந்த வெறுப்பும் அப்படியே இறங்கியது.

தோழர்களே! ஐந்து நாளைக்குச் சும்மா ஒரு பெயர் வைத்ததற்கே எலியின் யோக்கியதை இவ்வளவு மாறுமானால், இரண்டாயிரம் வருஷமாக ஒரு கூட்டத்தாருக்கு "நீ மந்தம், நீ தொடத்தகாதவன்" என்று பெயர் வைத்து, தொடாமலே வைத்திருந்ததன் பலன் எவ்வளவாயிருக்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். அந்த மாணவர்களாவது மந்த எலியையும் கையால் தொட்டார்கள். நம் சாஸ்திரம் அதற்குக்கூட வழி வைக்கவில்லையே!

இனி, எதிர்க்கட்சிக்காரர் சொல்லக்கூடிய சமாதானங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, "மனிதனும் எலியும் ஒன்றா?" என்பார்கள். ஒன்றல்ல. ஆனால் ரோஸந்தால் பரீட்சை செய்தது எலியையா? இல்லை. எலியைக் கையில் வைத்திருந்த மனிதனை! படித்த, சர்வகலாசாலைக்குள் வந்த மனிதன், ஒரு பெயரை நம்பினதால் தன்னை அறியாமலே பட்சபாதம் செய்தான் என்பதுதான் கண்டது. ஆகவே இந்தச் சமாதானம் செல்லாது.

இரண்டாவது, கொஞ்சம் படித்தவர்கள், "ட்ரையன் என்பவர் கலிபோர்னியாவில் உண்மையாகவே புத்திசாலி எலிகளையும் மந்த எலிகளையும் தலைமுறை தலைமுறையாகப் பிரித்து வளர்த்து 1940-இல் காட்டியிருக்கிறாரே" என்பார்கள். வாஸ்தவம், காட்டினார். நாம் ஒன்றையும் ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கதையைப் பாதியில் நிறுத்துவதுதான் யோக்கியமல்ல. 1949-இல் சேர்ல் என்பவர் அந்த வமிசங்களை வேறு வேறு பரீட்சைகளில் விட்டுப் பார்த்தார். எல்லாவற்றிலும் புத்திசாலி எலியே ஜெயிக்கவில்லை. சிலவற்றில் மந்தமென்று பெயர் வாங்கின எலி சமமாகவோ மேலாகவோ நின்றது. ஒரு பெட்டியில் வழி கண்டுபிடிக்கும் சாமர்த்தியத்தை வளர்த்தால் அது அந்தப் பெட்டிக்குச் சாமர்த்தியமேயன்றி, சகலத்துக்கும் சாமர்த்தியமாகிவிடாது. மந்திரத்தை மனப்பாடம் செய்வதை மாத்திரம் புத்தியென்று வைத்து, நெய்கிறவன் புத்தியையும், ஏர் ஓட்டுகிறவன் புத்தியையும், மண்ணைப் பார்த்து எலி வளையைச் சொல்லுகிறவன் புத்தியையும் புத்தியில்லையென்று தள்ளின மோசடியும் இதுதானே?

அதற்கு மேலும், 1958-இல் கனடா தேசத்தில் கூப்பர், சூபெக் என்ற இருவர் இப்படிப் பிரித்து வளர்த்த இரண்டு வமிசங்களையும் எடுத்து மூன்று விதமாக வளர்த்தார்கள். சாதாரணக் கூண்டில் வளர்ந்தபோது, புத்திசாலி வமிசம் சராசரி 117 தப்பும், மந்த வமிசம் 164 தப்பும் செய்தன. ஊஞ்சல், பந்து, சுரங்கம், ஏறுபலகை எல்லாம் வைத்த விசாலமான கூண்டில் சிறு வயதிலிருந்து வளர்ந்தபோது, புத்திசாலி 111, மந்தம் 120. வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. தீனியும் தண்ணீரும் தவிர வேறொன்றுமில்லாத வெறுங் கூண்டில் அடைத்து வளர்த்தபோது இரண்டு வமிசமும் ஒரேயடியாக 170 தப்புச் செய்தன. அதாவது வசதி கொடுத்தால் மந்தம் புத்திசாலிக்குச் சமமாகிறது. வசதியைப் பிடுங்கினால் புத்திசாலி மந்தத்துக்குச் சமமாகிறான். வேண்டுமென்றே பல தலைமுறை பொறுக்கிச் சேர்த்த வமிசத்தின் கதியே இதுவானால், யாரும் பொறுக்காமலும் சோதிக்காமலும் வெறும் கட்டுப்பாட்டினால் ஏற்பட்ட ஜாதிக்குப் பிறவித் தகுதி ஏது?

மூன்றாவது, "இதெல்லாம் அமெரிக்காக் கதை, நம் தேசத்தில் யார் கண்டார்?" என்பார்கள். கண்டிருக்கிறார்கள். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பெண்மணிகள் உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் ஆறாவது, ஏழாவது வகுப்புப் பையன்களை வைத்துச் சோதித்து 2004-இல் வெளியிட்டார்கள். மேல் ஜாதிப் பையன்கள் 321 பேர், கீழ் ஜாதி என்னப்பட்ட பையன்கள் 321 பேர். எலிக்கு மரப்பெட்டியில் வைத்த அதே சோதனையைப் பையன்களுக்குக் காகிதத்தில் வைத்தார்கள்: சிக்கல் வழிப் படத்தில் பென்சிலால் வழி கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்ததற்குத் தக்கபடி காசு. ஜாதியைச் சொல்லாமல் உட்கார வைத்தபோது இரு சாராருக்கும் வித்தியாசமே இல்லை. பிறகு வேறு கூட்டங்களில், ஒவ்வொரு பையனுடைய பெயர், ஊர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர், ஜாதி எல்லாவற்றையும் எல்லார் முன்னிலையிலும் உரக்கப் படித்துவிட்டுச் சோதனையை ஆரம்பித்தார்கள். உடனே பெரிய வித்தியாசம் வந்துவிட்டது! காசு பெறுவது சீட்டுக் குலுக்கலினால் என்று வைத்தபோது, அதாவது மனிதன் கையில் தீர்ப்பு இல்லையென்று ஆனபோது, வித்தியாசம் மறுபடியும் மறைந்தது.

இதைவிட என்ன வேண்டும்? சொல்லாதபோது இருந்த புத்தி, சொன்னவுடன் எங்கே போயிற்று? ரத்தம் ஐந்து நிமிஷத்தில் மாறிவிட்டதா? படித்தது ஜாதிப் பெயர். பறிபோனது பையனுடைய தைரியம். "நான் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இவர்கள் எனக்கு நியாயம் செய்யமாட்டார்கள்" என்ற எண்ணம் வந்தவனுக்குப் பென்சில் ஓடுமா? ஒரு சோதனையைக் கொண்டு உலகத்து வழக்கெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ரோஸந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் செய்து 1968-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின் அளவைப் பற்றிப் பலத்த வாக்குவாதம் நடந்தது என்பதும் நமக்குத் தெரியும். ஆகவே அதை நாம் சாட்சிக்குக் கூப்பிடவுமில்லை. ஆனால் பிறவித் தகுதி பேசுகிறவர்கள் தங்கள் பக்கத்துக்கு எந்தச் சோதனையைக் கொண்டு வருகின்றார்கள்? "பார்த்தாலே தெரிகிறது" என்பதைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

இனி ஆராய்ச்சிக் கூடத்துக்குள்ளேயே கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். நாம் பார்த்த ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் ஆயுத பூஜையன்று எலிக் கூண்டுக்கும், தராசுக்கும், கம்ப்யூட்டருக்கும் சந்தனப் பொட்டு வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். "எதற்கு?" என்றால், "ஆராய்ச்சி நன்றாக வருவதற்கு" என்றார்கள். மெத்த சரி. ஆராய்ச்சி முறை தெரிந்தவர்கள்தானே? பாதிக் கூண்டுக்குப் பொட்டு வையுங்கள், பாதிக் கூண்டை விட்டுவிடுங்கள். எதற்கு வைத்தது என்று தெரியாத ஆளைக் கொண்டு கணக்கெடுங்கள். வித்தியாசம் இருந்தால் நாமும் வந்து பூசணிக்காய் உடைக்கின்றோம். ஏன் செய்வதில்லை? பலன் என்னவாகும் என்று அவர்கள் மனத்துக்கே தெரியும்.

ஸ்கின்னர் என்கிற அமெரிக்கப் பண்டிதர் 1948-இல் எட்டுப் புறாக்களைப் பட்டினி போட்டுக் கூண்டில் அடைத்து, புறா என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட நேரத்துக்கொரு தடவை தீனி விழும்படி வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு புறா வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ஒன்று கூண்டின் மூலையை நோக்கித் தலையை முட்ட ஆரம்பித்தது. சில தலையை இப்படியும் அப்படியும் ஆட்டின. எட்டில் ஆறு இப்படி. தான் சுற்றியதால்தான் தீனி விழுந்தது என்பது புறாவின் எண்ணம்! நவக்கிரகத்தைச் சுற்றுகிறவர்களை நாம் பரிகாசம் செய்வதாகச் சொல்லுகிறார்கள். நாம் செய்யவில்லை, புறா செய்துவிட்டது.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். எலியைப் பற்றிப் பாடம் சொல்ல இந்த ஜில்லாவில் யோக்கியதை உள்ளவர்கள் யார் என்று கேட்டால், கடப்பாரையும் சட்டியுமாக வரப்பின்மேல் போன அந்த இருளரைத்தான் நாம் முதலில் காட்டுவோம். வளை வாயில் ஈரமான புது மண் கிடந்தால் எலி உள்ளே இருக்கிறது. ஒரு வளைக்குத் தப்பியோட எத்தனை வாசல். எந்த வாசலை முதலில் அடைக்க வேண்டும். நெல்லை எந்த அறையில் சேர்த்து வைத்திருக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சட்டியில் வைக்கோலைக் கொளுத்தி வாயால் ஊதிப் புகையை வளைக்குள் செலுத்தி, தன் உதடும் நெஞ்சும் வெந்து, மிராசுதாரர் நெல்லைக் காப்பாற்றிக் கொடுக்கிறவர் அவர். வாயால் ஊதாமல் கையால் சுற்றுகிற இரும்புக் கருவி எவ்வளவோ காலத்துக்குப் பிற்பாடுதான் வந்தது. அவருக்குக் கிடைத்த கூலி என்ன? பட்டம் என்ன? "எலி பிடிக்கிற ரத்தம்" என்பதுதானே?

இங்கேயும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். "ஆமாம், இருளருக்கு அது பிறவி வித்தை" என்று புகழுவதும் அதே புரட்டுத்தான். பிறவியில் வந்ததல்ல, தகப்பன் பின்னால் வரப்பில் நடந்து, தப்புச் செய்து, திருத்தி, கற்றுக் கொண்டது. அதுவும் ஒரு சர்வகலாசாலை. கட்டடம் இல்லை, சம்பளம் இல்லை, அவ்வளவுதான். வடநெம்மேலியில் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. அவர்கள் எடுத்துக் கொடுக்கும் பாம்பு விஷத்திலிருந்து விஷமுறிவு மருந்து உண்டாகிறது. "இருளன்" என்று ஏசினவனும் பாம்பு கடித்தால் அதைப் போட்டுக் கொண்டுதான் பிழைக்கிறான். வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவர் 2017-இல் அமெரிக்காவில் புளோரிடாவுக்கு வரவழைக்கப்பட்டு, அங்குள்ள பண்டிதர்களால் கண்டுபிடிக்க முடியாத மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023-இல் இந்திய சர்க்கார் அவ்விருவருக்கும் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தது. கடல் தாண்டிப் போய்ப் பாடம் சொல்ல யோக்கியதை உள்ளவர்களின் கூட்டத்துப் பையனுக்கு, உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சியில் உட்கார யோக்கியதை இல்லையாம்!

ஆகவே, ஆராய்ச்சி மாணவர்களுக்கு எலியைப் பற்றிப் பாடம் நடத்துகிற பேராசிரியர்களுக்கு நாம் சொல்லிக் கொள்ளுவது இதுதான்.

முதலாவது, எலியைக் கையில் கொடுக்குமுன் ரோஸந்தால் சோதனையை மாணவர்களுக்குப் பாடமாக வையுங்கள். "உன் எலியைச் சந்தேகிப்பதற்கு முன் உன்னைச் சந்தேகி" என்பது முதல் பாடமாக இருக்கட்டும். 2014-இல் கனடாவில் செய்த சோதனையில், ஆராய்ச்சி செய்கிறவர் ஆணாயிருந்தால் அவருடைய வாசனையே எலிகளைக் கலங்க வைத்து, கணக்கை மாற்றுகிறது என்று கண்டிருக்கிறார்கள். மனிதனின் வாசனையே கணக்கை மாற்றுமானால் மனிதனின் துவேஷம் மாற்றாதா?

இரண்டாவது, எலிக்கு எந்த மருந்து கொடுத்தது என்று தெரியாத ஆளைக் கொண்டு கணக்கெடுக்கிறீர்கள் அல்லவா? அதே நியாயத்தை மாணவருக்கும் செய்யுங்கள். விடைத்தாளில் பெயரும் ஊரும் ஜாதியும் தெரியாமல் நம்பரைப் பார்த்துத் திருத்துங்கள். நேர்முகப் பரீட்சையில் "எந்த ஊர், தகப்பனார் என்ன செய்கிறார்?" என்று ஆரம்பிக்கிற விசாரணையை விட்டொழியுங்கள். எலிக்குக் காட்டுகிற நியாயத்தை மனிதனுக்குக் காட்டுவது அப்படியொன்றும் பெரிய தியாகமல்ல.

மூன்றாவது, எலிக்கும் வலி உண்டு. எலிக்குப் பதில் வேறு வழி இருந்தால் அதைக் கொள்ளு, குறைந்த எலிகளை உபயோகி, வலியைக் குறை என்ற மூன்று விதிகளை 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இங்கிலீஷ்காரர்கள் சொன்னார்கள். நம் தேசத்திலும் 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் இதைக் கண்காணிக்கக் கமிட்டி இருக்கின்றது. அதைக் காகிதத்தில் கையெழுத்தாக மாத்திரம் விட்டுவிடாதீர்கள். முரட்டுத்தனமாகப் பிடித்த எலி பயத்தைக் காட்டுமேயொழிய உண்மையைக் காட்டாது.

நான்காவது, இருளர் தோழர்களை ஆராய்ச்சிக் கூடத்துக்கு அழைத்து, நாற்காலி போட்டு, மற்ற உபந்நியாசகர்களுக்குக் கொடுக்கிற சன்மானத்தைக் கொடுத்துப் பாடம் சொல்லச் சொல்லுங்கள். கூண்டு எலியை மாத்திரம் பார்த்தவனுக்கு வயல் எலியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மறுபடியும் தென்னேரிக்கு வருவோம். இவ்வளவையும் அந்த வாலிபரிடம் சொன்னோம். அவர் யோக்கியர், கோபித்துக் கொள்ளவில்லை. வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "அப்படியானால் அந்தப் பையனுக்கு ஒரு பரீட்சை வைத்துப் பார்க்கலாமா, ஐயா?" என்று கேட்டார்.

"பரீட்சை வைக்க வேண்டியது பையனுக்கல்ல, தம்பி, வாத்தியாருக்கு" என்றோம். "நாளைக்கே போய், 'இந்தப் பையனைப் பட்டணத்தில் சோதித்தோம், மகா புத்திசாலி' என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். முதல் பெஞ்சிக்கு வருகிறானா இல்லையா என்று பார்க்கலாம்."

"அது பொய்யாகிவிடுமே?" என்றார்.

பொய்தான். பொய்யைச் சொல்லி ஒரு பையனை முதல் பெஞ்சிக்குக் கொண்டுவர வேண்டாம். ஆனால் "எலி பிடிக்கிற ரத்தம், படிப்பு ஏறாது" என்று இத்தனை காலமாகச் சொல்லி வந்தது மாத்திரம் மெய்யா? அந்தப் பொய்யைச் சொல்லும்போது யாருக்கும் நாக் கூசவில்லையே! ஆகையால் இரண்டு பொய்யும் வேண்டாம். எந்தப் பெயரும் வைக்காமல், பிள்ளையைப் பிள்ளையாகப் பார்த்து, நெருங்கி உட்கார வைத்து, கையைப் பிடித்து எழுதச் சொல்லிக் கொடுங்கள். பிறகு கணக்கெடுங்கள். அதுவரையில் "பார்த்தாலே தெரிகிறது" என்று சொல்லுகிறவர் எத்தனை பட்டம் வாங்கியிருந்தாலும் அவருக்கு ஆராய்ச்சி முறை தெரியாது என்பதே நமது அபிப்பிராயம். வாசகர்கள் தங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களை அங்கே வைத்தது யார் என்று ஒருநாள் நேரில் போய்ப் பார்த்து வரும்படி கேட்டுக் கொள்ளுகின்றோம்.